வலிக்காத புண்

"வலி ஏற்பட்டால் மருத்துவரை அணுகவும்." இந்த ஒரு வரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆரணியில் சர்க்கரை நோயாளிகளுக்கு இலவச முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளைக்குத் துண்டுப் பிரசுரம் எழுதிக் கொடுப்பது என் வேலை. "எளிமையா எழுதுங்க மேடம், எல்லாருக்கும் புரியணும்" என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். கால் பராமரிப்பைப் பற்றி எழுதச் சொன்னபோது என் மனதில் இருந்தது ஒரே ஒரு ஆள், என் அக்காவின் கணவர். முள்ளிப்பட்டில் வீட்டிலேயே தறி போட்டிருக்கிறார். பல வருஷமாகச் சர்க்கரை. பகல் முழுக்கத் தறிக்குழிக்குள் காலை விட்டு மிதிக்கட்டையை மிதித்துக்கொண்டிருப்பவர். மாமாவுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்று எழுதினேன்.

"சர்க்கரை இருந்தால் காலில் உணர்ச்சி குறையலாம். புண் வந்தாலும் வலிக்காமல் இருக்கலாம். அதனால் தினமும் உள்ளங்காலைப் பாருங்கள். தறியை விட்டு எழுந்ததும் பாருங்கள். சின்னப் புண்ணானாலும் உடனே காட்டுங்கள். விட்டுவிட்டால் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம்."

கூட்டத்தில் மேலாளர் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னா மேடம் இது? காலை எடுப்பாங்கன்னு போட்டா ஜனங்க பேஜாராயிடுவாங்க. முகாம் பக்கமே வரமாட்டாங்க. தறியெல்லாம் எதுக்கு? பொதுவா இருக்கட்டும்." கூட இருந்த மருத்துவர் போனைப் பார்த்தபடியே தலையாட்டினார்.

"வலிக்காதுங்கறதுதான் சார் விஷயமே. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?" என்றேன். பார்த்துக்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்ட லட்சணம் அச்சாகி வந்தபோது தெரிந்தது. என் வரிகள் ஒன்றுகூட இல்லை. "வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். வலி ஏற்பட்டால் மருத்துவரை அணுகவும்." பக்கத்தில் சிரிக்கும் ஒரு குடும்பம், எல்லோர் காலிலும் பளபளவென்று ஷூ. ஆரணிப் பக்கம் யார் வீட்டுக்குள் ஷூ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முள்ளிப்பட்டுக்குப் போனால், மாமா அந்தப் பிரசுரத்தைத் தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். எனக்கு அதைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது.

"வலிக்கலன்னாலும் காலைப் பாருங்க மாமா. நான் அப்படித்தான் எழுதினேன், மாத்திட்டாங்க."

அவர் சிரித்தார். "நீ ஒண்ணு சொல்றே, டாக்டருங்க பேப்பர்ல வேற போட்டுகிறாங்க. யாரைம்மா நம்பறது? வெறுங்கால்ல நான் நடக்கறதே இல்ல, உங்கக்காவக் கேளு. கொல்லைக்குப் போனாகூட செருப்புதான்."

"அப்ப காலைக் காட்டுங்க."

"மச்சினிச்சி மொகத்துக்கு நேரா காலை நீட்டுவாங்களா? போம்மா." காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் செருப்போடு யாரும் தறியில் இறங்க மாட்டார்கள். அவருக்குத் தறி சாமி. செருப்பை வாசலில் விட்டு, தறியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் உட்காருவார். பிரசுரம் நடப்பதைப் பற்றித்தானே சொன்னது? தறியில் அவர் எங்கே நடந்தார்? அதில் போட்டிருந்ததை ஓர் எழுத்து விடாமல் கேட்டு நடந்த மனிதர் அவர்.

சில மாதம் கழித்து, அவர் படுத்திருந்த பாயில் ஈரத்தைப் பார்த்தது அக்காதான். வலது கால் கட்டை விரலுக்கு அடியில், மிதிக்கட்டை உரசும் இடத்தில், புண் எலும்புவரை போயிருந்தது. "வலிக்கவே இல்லியே, வலிச்சா வந்திருப்பேனே" என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், தப்பு செய்தவர் மாதிரி. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கட்டை விரலையும் பக்கத்து விரலையும் எடுத்துவிட்டார்கள். தறியில் உட்கார்ந்து மிதிக்க இனி முடியுமா என்று இன்னும் தெரியவில்லை.

ஜனங்களைப் பயமுறுத்தக் கூடாது என்பது கேட்க எவ்வளவு இதமாக இருக்கிறது! யாருக்கு இதம்? முகாமில் கூட்டம் குறையக் கூடாது, கூட்டத்தில் யாரும் முகம் சுளிக்கக் கூடாது, அவ்வளவுதான். எளிமையாக எழுதச் சொன்னார்கள். எளிமையாக எழுதினால் உண்மை பச்சையாகத் தெரிகிறது, அதனால் அதற்கு ஷூ மாட்டிவிட்டார்கள்.

போன வாரம் மேலாளர் கூப்பிட்டார். பிரசுரம் தீர்ந்துவிட்டதாம், அப்படியே மறுபடி அச்சடிக்க வேண்டுமாம். மாமாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். கட்டுப் போட்ட காலுக்கென்று வாங்கிய பெரிய செருப்பை, பழக்க தோஷத்தில், அவர் அறை வாசலிலேயே கழற்றினார். "போட்டுகினு வாங்க மாமா!" என்று நான் போட்ட சத்தத்தில் உள்ளே எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

என் பழைய வரிகளை எழுந்து நின்று படித்தேன். மேலாளர் என்னை விட்டுவிட்டு மாமாவிடம் பேசினார், ரொம்ப மரியாதையாக.

"ஐயா, நீங்களே சொல்லுங்க. காலை எடுப்பாங்கன்னு அப்பவே போட்டிருந்தா நீங்க பயந்திருக்க மாட்டீங்களா?"

மாமா கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"பயந்திருப்பேன் சார். பயந்துகினு அன்னிக்கே வந்திருப்பேன்."