விழுவதற்கு என்ன விலை?

தாலிச் சரட்டில் தொங்கும் ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, அடைத்துக்கொண்ட பர்னரின் துளைகளை ஒவ்வொன்றாகக் குத்தியபடியே தனக்கொடி கேட்பார்: "இந்த அடுப்ப எவ்ளோக்கு வாங்குனீங்க?" விலையைச் சொன்னால் உதட்டைப் பிதுக்குவார். "திருகு ஒடஞ்சா தனியா கெடைக்குமான்னு கேட்டீங்களா?" கேட்டிருக்க மாட்டோம். "கண்ணாடி பளபளன்னு இருந்துச்சு, தூக்கினு வந்துட்டீங்க." அடுப்பு சரியாகிவிடும். நமக்குத்தான் கொஞ்ச நேரம் முகம் வாடிப்போயிருக்கும்.

புதுச்சேரி நகரத்தில் வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பு பழுதுபார்க்கிறவர் அவர். வயது நாற்பத்தைந்து. உயரம் ஐந்தடிக்கு ஒரு விரற்கடை குறைவு. தட்டாஞ்சாவடியில் உதிரி பாகங்களைப் பூட்டி அடுப்பு செய்யும் சின்னப் பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் வேலை பார்த்தார். முதலாளி பட்டறையை மூடிவிட்டுத் தன் மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போய்விட்டார். இவர் ஸ்பேனர்களைப் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அடுப்பங்கரைக்குள் அந்நிய ஆணை விடத் தயங்குகிற வீடுகள் இவரைக் கண்டதும் கதவைத் திறந்தன. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் சொல்தா வீடுகளில் காபியும் கொடுத்து, போகும்போது பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொல்வார்களாம். "மெர்சி இருக்கட்டும், ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி டியூப மாத்துங்க" என்று இவர் பதில் சொல்லிவிட்டு வருவார்.

சிக்கல் பையில்தான் இருந்தது. எட்டுக் கிலோ. அரியாங்குப்பத்துக்குத் தெற்கே, வயலை ஒட்டிய ஊரிலிருந்து அதைச் சுமந்து, ஷேர் ஆட்டோ பிடித்து, ஆற்றைத் தாண்டி, பேருந்து மாறி வருவதற்குள் பாதி நாள் போய்விடும். ஒரு நாளைக்கு மூன்று வீடு பார்த்தாலே பெரிய விஷயம். வண்டி இருந்தால் ஏழெட்டு வீடு பார்க்கலாம். ஆகவே வண்டி வாங்க முடிவு செய்தார். அதுவும் கியர் வைத்த பைக். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஊரே ஸ்கூட்டி வாங்கச் சொன்னது. கணவர் கன்னியப்பன் சொன்னார், ஓர்ப்படி சொன்னார், மாவு மில்காரர் சொன்னார். எங்கள் வீட்டு அடுப்பைப் பார்க்க வந்தபோது, என் பங்குக்கு நானும் சொல்லி வைத்தேன். ஊக்கு பர்னருக்குள்ளேயே நின்றது.

"எங்க ஊரு ரோட்ட பாத்திருக்கீங்களா சார்? சின்ன சக்கரம் பள்ளத்துல உக்காந்துக்கும், ஏறாது. பெரிய சக்கரந்தான் ஏறி எறங்கும். கியரு வண்டி ஆம்பளைக்குத்தான்னு எந்த சட்டத்துல எழுதியிருக்குது?"

அவர் சேலையைக் கணுக்காலுக்கு மேல் சற்றுத் தூக்கி, வலது ஆடுசதையில் உள்ளங்கை அகலத்துக்கு இருந்த தழும்பைக் காட்டினார். சைலன்சர் சுட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கன்னியப்பனின் பழைய பைக்கில் ஓட்டிப் பழகியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நோணாங்குப்பம் படகுத் துறைக்குப் போகும் திருப்பத்தில், கிளட்சை விடுவதற்குப் பதில் பிடித்து, பிடிப்பதற்குப் பதில் விட்டு, வண்டியோடு வலப்பக்கமாகச் சாய்ந்துவிட்டார். அந்தப் பழைய வண்டி கல் மாதிரி கனக்கும். காலை எடுக்க முடியவில்லை. படகுக்கு வந்த கூட்டம் முதலில் வேடிக்கை பார்த்தது. பிறகு ஒருவர் வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினார். நல்ல மனிதர்தான், தண்ணீர்கூட வாங்கிக் கொடுத்தார். "உனக்கெதுக்கும்மா இந்த வேலை?" என்றார். சாவியை உருவி, பக்கத்தில் நின்ற ஏதோ ஒரு பையனிடம் கொடுத்து, "தம்பி, வண்டிய அவங்க வூட்ல வுட்டுட்டு வா" என்று அனுப்பிவிட்டார். தனக்கொடி பின்னாலேயே ஷேர் ஆட்டோவில் போனார்.

"வுழுந்தது வலிக்கல சார். வண்டி எங்களுது, காலு என்னுது. சாவிய மட்டும் என் கைல குடுக்கல பாருங்க." எனக்கும் கோபமாகத்தான் வந்தது. ஆனால் அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

ஷோரூமுக்குக் கன்னியப்பனோடு என்னையும் கூப்பிட்டார். "படிச்சவங்க ஒருத்தர் கூட நின்னா ஏமாத்த மாட்டாங்க." என் வண்டிக்கு நான் டெஃப்ளான் கோட்டிங், மூன்று வருடக் கூடுதல் வாரண்டி, 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று கண்ணை மூடிக்கொண்டு கட்டிவிட்டு வந்த கதை அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு துணை தேடியிருப்பார்.

கடலூர் சாலையில் அந்த ஷோரூம். மேனேஜர் கோபிநாத் பணிவானவர். ஆனால் மைலேஜ், நிறம், டவுன் பேமென்ட் எல்லாவற்றையும் கன்னியப்பனைப் பார்த்தே சொன்னார். கன்னியப்பன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். நூறு சிசி வண்டி ஒன்றைச் சுற்றி வந்த தனக்கொடி கேட்டார்:

"கிளட்ச் லிவரு எவ்ளோ?"

"அது வண்டியோடயே வரும்மா."

"வரும். வுழுந்தா ஒடையும். தனியா எவ்ளோ?"

கோபிநாத் ஸ்பேர்ஸ் பிரிவுக்குப் போன் போட்டார். லிவர், பிரேக் பெடல், இண்டிகேட்டர், கண்ணாடி, ஃபுட்ரெஸ்ட் என்று ஒவ்வொன்றுக்கும் விலை கேட்டு, கையிலிருந்த பழைய கேஸ் ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டார் தனக்கொடி. பக்கத்தில் நின்ற நூற்று இருபத்தைந்து சிசி வண்டிக்கும் அதே கேள்விகள். அதில் இண்டிகேட்டர் மட்டும் இரண்டு மடங்கு விலை. அதன் பக்கம் அப்புறம் அவர் திரும்பவே இல்லை. "வுழாம யாரும் வண்டி கத்துக்கிட்டதில்ல சார்" என்றார் என்னிடம். "வுழறதுக்கு எவ்ளோ ஆவும்னு கேட்டுட்டுத்தான் வாங்கணும்."

பிறகு கொட்டேஷன் வந்தது. என்னை ஏமாற்றிய அத்தனை வரிகளும் அதில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நான் விரல் வைத்துக் காட்டுவதற்குள் அவரே பேனாவை வாங்கி அடிக்க ஆரம்பித்துவிட்டார். டெஃப்ளான் வேண்டாம். சீட் கவர் வேண்டாம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்றால் என்னவென்று கேட்டார். கோபிநாத் சொன்ன விளக்கம் அவருக்கே புரியவில்லை. அதுவும் போயிற்று.

"யானையே வாங்கறீங்க, அங்குசத்துக்கு யோசிக்கலாமாம்மா?"

"அங்குசம் வேணும். யானைக்கு பவுடர் எதுக்கு?" என்றவர், வண்டி சாய்ந்தால் காலையும் எஞ்சினையும் காக்கும் கிராஷ் கார்டு கம்பி வரியில் மட்டும் பேனாவை நிறுத்தினார். "இது இருக்கட்டும். கனமானதா போடுங்க, எரநூறு முந்நூறு கூட ஆனாலும் பரவால்ல. உதைக்கிற கிக்கரும் வேணும். செல்ஃப் நின்னுபோச்சுன்னா நடுரோட்ல நான் யாரக் கூப்புட?"

எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்தேன். கோபிநாத்தும் அப்படித்தான் நினைத்திருப்பார், ரசீதுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார். தனக்கொடி பணப்பையைத் திறக்கவில்லை.

"வண்டிய வெளில எடுங்க. கீழ படுக்க வச்சு நான் தூக்கிப் பாக்கணும்."

ஷோரூமில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். "புது வண்டிய யாராச்சும் படுக்க வைப்பாங்களாம்மா? கீறல் வுழுந்தா வேற யாரும் வாங்க மாட்டாங்க" என்றார் கோபிநாத்.

"கீறல் வுழுந்தா அந்த வண்டியவே நான் எடுத்துக்கறேன். தூக்க முடியலன்னா அதுக்கும் காசு கட்டி எங்க வூட்டுக்காரருக்குக் குடுத்துட்டு, வாய மூடிக்கினு பஸ்ல போறேன். என்னால தூக்க முடியாத வண்டி என் வண்டி இல்ல."

கன்னியப்பன் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அவ சொன்னா சொன்னதுதாங்க. எடுத்து வுடுங்க."

சிமெண்ட் கல் பாவிய முற்றத்துக்கு வண்டி வந்தது. கிராஷ் கார்டு மாட்டினார்கள். ஒரு பணியாள் ஓடிப்போய்ச் சாக்கு ஒன்றைக் கொண்டுவந்து தரையில் விரித்தான். தனக்கொடி அதைக் காலால் தள்ளினார். "ரோட்ல சாக்கு விரிச்சா நான் வுழப்போறேன்?"

வண்டி பின்னால் உருளாமல் இருக்க முதல் கியரில் போட்டார். ஹேண்டிலைப் பிடித்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் மெதுவாக வலப்பக்கம் சாய்த்தார். கிராஷ் கார்டு கல்லில் உரசிய சத்தத்தில் கோபிநாத் கண்ணை மூடிக்கொண்டார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் ஹேண்டிலைப் பிடித்து இழுத்தார் தனக்கொடி. வண்டி ஒரு முழம் எழும்பியது. திரும்பவும் கீழே போய்விட்டது.

பணியாள் இரண்டடி முன்னால் வந்தான். நானும் ஒரு அடி வைத்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

"யாரும் தொடாதீங்க!"

நின்றுவிட்டோம். அவர் கண் கலங்கியிருந்ததா, வியர்வையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வண்டியை ஒருமுறை முழுதாகச் சுற்றி வந்தார். பழுதான அடுப்பைப் பார்க்கும் அதே பார்வை. "லூசு மாதிரி கையால இழுத்தேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "சிலிண்டர யாராச்சும் கையாலயா தூக்குவாங்க?"

மேலே தெரிந்த இடப்பக்க ஸ்டாண்டை முன்கூட்டியே இழுத்து விட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் இடுப்பை ஒட்டிக் குந்தினார். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்பக்கக் கம்பியில். குதிகாலைக் கல்லில் ஊன்றி, பின்னோக்கியே சின்னச் சின்ன அடியாக வைத்தார். முதல் அடியில் வண்டி அசைந்தது. மூன்றாவது அடியில் பாதி எழுந்தது. ஏழாவதோ எட்டாவதோ அடியில் நிமிர்ந்து நின்றுவிட்டது. அதை இடுப்பிலேயே தாங்கிக்கொண்டு, மெதுவாக மறுபக்கம் சாய்த்து ஸ்டாண்டில் நிறுத்தினார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. தட்டியும்விட்டேன். வேறு யாரும் தட்டாததால் பாதியில் நிறுத்தவேண்டியதாயிற்று.

"இப்ப ரசீது போடுங்க" என்றார் தனக்கொடி, மூச்சு வாங்கிக்கொண்டே.

எண் பலகை எல்லாம் வந்து வண்டி கைக்குக் கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று. அன்றைக்கும் போனேன். முன்னாலும் பின்னாலும் சிவப்பு 'எல்' ஒட்டியிருந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஹேண்டிலில் சாமந்தி மாலை. கிராஷ் கார்டில் இருந்த கீறலுக்கு இலவசமாகவே பெயின்ட் அடித்துத் தருவதாகக் கோபிநாத் சொன்னார். தனக்கொடி வேண்டாம் என்றுவிட்டார். பழகுநர் உரிமத்தோடு தனியாக ஓட்டக் கூடாது, உரிமம் உள்ளவர் ஒருவர் கூட இருக்கவேண்டும் என்பதால் கன்னியப்பன் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, சொல்லாமலேயே பின் சீட்டுப் பக்கம் போய் நின்றார்.

ஒரு சாவியைக் கோபிநாத் தனக்கொடியிடம் கொடுத்தார். மனிதர் தேறிவிட்டார் என்றுதான் நினைத்தேன். இன்னொரு சாவியை எடுத்துக் கன்னியப்பனிடம் நீட்டினார். "இது சார்கிட்டயே இருக்கட்டும்மா. ஒரு சேஃப்டிக்கு."

கன்னியப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நீட்டிய கை அப்படியே நின்றது. தனக்கொடி அதிலிருந்து சாவியை எடுத்தார். தாலிச் சரட்டிலிருந்து ஊக்கைக் கழற்றி, சாவியை அதில் கோத்து, மறுபடி சரட்டில் மாட்டி, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு, முதல் சாவியை வண்டியில் திருகி, கிக்கரை உதைத்தார்.