ஏகநாதன் சமோவா பாஷை படித்தது

குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் எனக்கு ஒரு எஸ்.டி.டி. பூத் இருந்தது. அஞ்சாவதோடு நின்றவன் நான். எழுத்து கொஞ்சம் முரடாகத்தான் வரும். பூத்தின் கண்ணாடிக் கதவை எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் உள்ளே பேசுவது வெளியே கேட்கும். தொண்ணூற்று நாலில் அப்படிக் கேட்டதுதான் இது.

ஏகநாதன் பொழிச்சலூர்க்காரர். அப்பா காலத்து நிலம் மனையாகப் போன பிறகு லேத் பட்டறை வைத்தார். ஒரே மகன் சிட்டிபாபு அங்கேயே வேலை பழகி, கப்பலில் ஃபிட்டராகப் போனான். எங்கேயோ நடுக்கடலில் சமோவா என்று ஒரு தீவு. அங்கே இறங்கியவன், அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டான். மாலியா என்று ஒரு பெண் குழந்தை. தொண்ணூற்று மூணில் மார்வலியில் செத்துப்போனான். செய்தி வந்தது என் பூத்துக்குத்தான். போனை வைத்துவிட்டு ஏகநாதன், "சரி பாய்" என்றார். மறுநாள் பட்டறை ஓடியது.

மாமனார் வீட்டார் அவனை வீட்டு வாசலிலேயே புதைத்து, மேலே திண்ணை மாதிரி கட்டிவிட்டார்கள். அவர்கள் வழக்கம் அது. எங்கள் ஜனமும் புதைக்கிறதுதான். ஆனாலும் வாசலிலா என்று எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஏகநாதன் சம்சாரம் பச்சையம்மா ஒரே பிடியாக நின்றது.

"எலும்பாவது வரட்டும். கடல்ல கரைக்காம அவனுக்கு நான் காரியம் பண்ண வுட மாட்டேன்."

கேட்க வேண்டியது அந்த மாமனாரிடம். அவருக்கு இங்கிலீஷ் வராது. மருமகளுக்குக் கொஞ்சம் வரும், ஆனால் அப்பாவிடம் அந்தப் பேச்சை எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். ஏகநாதனே பேசுவது என்று முடிவாயிற்று.

தாம்பரத்தில் பாதிரியார் படிப்பு படித்துக்கொண்டிருந்தான் டவிட்டா. அந்தத் தீவுக்காரன், கதவை அடைக்கிற உடம்பு. அவ்வளவு தூரத்துக்கு லைன் பிடித்துத் தர எனக்குத்தான் பொறுமை உண்டு என்று இங்கே வருவான். நான்தான் இரண்டு பேரையும் கோர்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூத் பெஞ்சில் பாடம் நடந்தது. பஸ் கண்டக்டர்களிடம் பழகிய தமிழில் டவிட்டா சொன்னான்: "பெரியவங்ககிட்ட நேரா கேக்கக் கூடாது சார். நீங்க யாரு, இன்னா ஊரு, உங்க அப்பா யாரு, எல்லாம் மொதல்ல சொல்லணும். அப்பால விஷயம்."

"பொண்ணு பாக்கப் போற மாரி கீதே" என்றேன்.

"நீ சும்மா கெட பாய்" என்றார் ஏகநாதன்.

பொழிச்சலூர், ஏரி, அப்பா தனக்கோடி, விற்ற நிலம் எல்லாம் அந்தப் பாஷையில் வரிசையாக வந்தன. தமிழில் அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை.

டவிட்டாவின் கல்லூரியில் ஒரு விழா வைத்தார்கள். எங்களையும் கூப்பிட்டிருந்தான். அவரவர் ஊர் உடுப்பில், அவரவர் பாஷையில் பேச வேண்டும். டவிட்டா இடுப்பில் பூப்போட்ட துணியோடு வந்தான்.

"இன்னாப்பா, எங்க கைலிய சுட்டுட்ட?"

"எங்களுத கட்டிகினு எங்கள கேக்கறியா பாய்?" என்றான்.

ஏகநாதனை மேடைக்கு இழுத்துப் போனான். வேட்டி சட்டையில் நின்று, தன் ஊரையும் அப்பனையும் சமோவா பாஷையில் சொன்னார். கைதட்டல் ஓய நேரமாயிற்று. இறங்கி வந்து, "தண்ணி கீதா பாய்?" என்றார். முகத்தில் ஒன்றுமில்லை.

போன் போட்ட அன்று இங்கே ஞாயிறு காலை, அங்கே இன்னும் சனி சாயங்காலம். பச்சையம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. போனை எடுத்தது மாலியா. டவிட்டா கதவோரம் நின்று எனக்குக் கிசுகிசுத்தான்.

"தாத்தா எங்கன்னு கேக்கறாரு. வாசல்ல அப்பா மேல குந்திகினு கீறாரு, நானும் அங்கதான் துன்னுகினு இருந்தேன்னு சொல்லுது."

மாமனார் வந்தார். ஏகநாதன் தன் ஊரைச் சொன்னார், அப்பனைச் சொன்னார். பிறகு அங்கிருந்து அவர் தன் ஊரையும் முன்னோரையும் சொன்னார். நீளமாகப் போயிற்று. டவிட்டா கிசுகிசுப்பதை நிறுத்திவிட்டான்.

"இன்னாடா?"

"அவங்க பெரியவங்க பேரோட, பொழிச்சலூர் ஏகநாதன் மவன் சிட்டிபாபுன்னு சேத்து சொல்றாரு பாய்."

ஏகநாதன் "ஃபாஅஃபெத்தாய்" என்றார். நன்றி என்று அர்த்தம். வைத்துவிட்டு வெளியே வந்தார்.

"எப்ப அனுப்பறாங்களாம்?" என்றது பச்சையம்மா.

"நான் கேக்கல."

"கேக்கலியா? இத்தினி மாசமா அந்தாளோட குந்திகினு அத்தத்தானே படிச்ச?"

"ஆமா. அந்தப் பாப்பா அவன் மேல குந்திகினுதான் சோறு துன்னுது. எப்டி தோண்டிக் குடுன்னு கேக்கறது?"

பச்சையம்மா ரோட்டைப் பார்த்தது. ஒரு லாரி போயிற்று, அப்புறம் ஒரு பஸ்.

"மழை பெஞ்சா?"

"மேல கூரை போட்டுக் கீறாங்களாம். மருமவ சொல்லிச்சி."

"காரியம்?"

"இங்கியே பண்ணிடலாம்."

பச்சையம்மா எழுந்தது. இரண்டு பேரும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள்.

அடுத்த ஞாயிறும் ஏகநாதன் வந்தார். டவிட்டாவிடம், "இதெல்லாம் பெரியவங்க பேச்சு. கொயந்தைங்ககிட்ட எப்டிப் பேசறது, அதச் சொல்லிக் குடு" என்றார். பச்சையம்மாவும் கூட வந்திருந்தது. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது.