லாரிக்கு அடியில் இருந்த கொக்குக்கால்

நடந்தது இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். ஐப்பசி மாதம். இடம் பழவேற்காடு. அப்போது நான் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்று இரண்டாம் ஆண்டு. எங்கள் தெருவில் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். வெளியூரிலிருந்து டச்சுக் கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள், கல்லில் வெட்டியிருக்கும் எழுத்துகளைப் பற்றிக் கேட்க என் வீட்டுக்குத்தான் அனுப்பப்படுவார்கள். என் கையெழுத்தை யாரும் மறுத்துப் பேசியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

பணியில் இருந்தபோதே எனக்கு ஒரு தனி ஈடுபாடு இருந்தது. இராணுவம் ஏலத்தில் விடும் கனரக லாரிகளின் வரலாற்றைத் தேடி எழுதி வைப்பேன். இராணுவ வண்டியின் எண் மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும். ஏலத்தில் எடுத்தவர் அந்த எண்ணை அழித்துவிட்டு நம் அலுவலகத்தில் புதுப் பதிவு எண் வாங்குவார். பிறகு அந்த லாரி சவுக்குக் கட்டை ஏற்றும், செங்கல் ஏற்றும், கைமாறும். எந்த லாரி எங்கிருந்து வந்தது, யாரிடம் போனது, எங்கே உடைக்கப்பட்டது என்பதெல்லாம் என் குறிப்பேட்டில் இருந்தன. காவல் துறையினர்கூடச் சந்தேகம் வந்தால் என்னிடம் கேட்பதுண்டு.

லைட்ஹவுஸ் குப்பத்து மீனவர்களிடம் அப்படி ஒரு லாரி இருந்தது. ஊர்ப் பஞ்சாயத்தின் பொதுச் சொத்து. சாதாரண நாளில் படகை மணலில் இழுத்து ஏற்றும். ஐஸ் கொண்டு வரும். புயல் காலத்தில் சாலையில் தண்ணீர் ஏறிவிட்டால், குப்பத்துக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பொன்னேரிப் பக்கம் கொண்டுசேர்க்கக்கூடிய வண்டி அது ஒன்றுதான். அதன் ஓட்டுநர் ஏரிக்கரைக் கிராமத்து ஆள். அவருடைய தகப்பனாரும் அதே லாரியை ஓட்டியவர்.

அந்த ஐப்பசியில் பொன்னேரி சாலையில் நடந்த சோதனையில் லாரி மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால் திருகி வைத்திருந்த பித்தளைத் தகட்டில் ஓர் எண், ஆர்.சி. புத்தகத்தில் வேறோர் எண். திருட்டு வண்டியோ என்ற சந்தேகத்தில் காவல் நிலையத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆய்வாளர் எனக்கு ஆளனுப்பினார்.

அன்று ஓர் உறவினர் வீட்டு விசேஷம். கஞ்சி போட்ட புது வேட்டியில் இருந்தேன். காவல் நிலைய முற்றம் மழையில் சேறாகிக் கிடந்தது. லாரியின் மேல் ஏறித் தகட்டைப் படித்தேன். குறிப்பேட்டைப் புரட்டினேன். அதே எண், சவுக்கு வியாபாரி ஒருவர் வைத்திருந்து பல ஆண்டுகளுக்கு முன் உடைத்துப் போட்ட லாரியின் எண்.

"அது எங்க நைனா மாத்தினது ஐயா. உப்புக்காத்துல முன்தகரம் பூரா அரிச்சிப் போச்சி. ஒடச்ச லாரியில இருந்து கயட்டி இதுல வச்சாரு. தகடு அத்தோட வந்தது" என்றார் ஓட்டுநர்.

தகடு கழற்றி மாட்டக்கூடிய பொருள், எண்ணைக் குத்தியிருக்கும் அடிச்சட்டமான சேசிஸ்தான் வண்டி. பல ஆண்டுகள் பிறருக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. குனிந்து பார்த்தேன். படகின் அடிப்பாகத்துக்குப் பூசுவது போலவே குப்பத்தார் ஆண்டுதோறும் சேசிஸுக்கும் தாரும் மீன் எண்ணெயும் பூசியிருந்தார்கள். எண் இருக்க வேண்டிய இடம் கறுப்பாக மெழுகினாற்போல் கிடந்தது. மேலும் பார்க்க வேண்டுமானால் சேற்றில் மல்லாந்து படுத்து அடியில் போக வேண்டும். நான் நிமிர்ந்துவிட்டேன். உள்ளே சென்று, காவல் நிலையத்துத் தாளில் எழுதினேன்: 'தகட்டின்படி இது வேறு வாகனம். சேசிஸ் எண் அழிக்கப்பட்டுள்ளது.'

தெரியவில்லை என்று எழுதியிருக்கலாம். அதுதான் உண்மை. ஆனால், தெரியவில்லை என்று எழுதி எனக்குப் பழக்கமில்லை.

மறுநாள் காலை ஒரு பெண் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முழங்கால் வரை ஏரிச் சேறு. இடுப்பில் இறால் போடும் பனையோலைப் பறி. ஓட்டுநரின் மனைவி என்று சொன்னார். கணவனை இரவே அடைத்துவிட்டதாகவும், பகலில் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போவதாகவும் சொன்னார்.

"எண்ணை அழிச்சாங்கனு நீங்க எழுதினதாலதான் திருட்டுக் கேசு போடுறாங்களாம். அடியில பாத்தீங்களா ஐயா?"

"நான் பார்க்காமல் எதையும் எழுதுபவன் இல்லை, அம்மா" என்றேன்.

"எங்க ஊட்டுக்காரரு சொன்னாரு, ஐயா வேட்டி வெள்ளையா வந்துச்சி, வெள்ளையாவே திரும்பிப் போச்சின்னு. அந்த லாரிக்கு அடியில போயி வந்தா ஒரு சொட்டுத் தாரு கூடவா ஒட்டாது? நேத்து கட்டினதுதான, கொடியில தொங்குது? இன்னா கறை கீது, காட்டுங்க."

வேட்டி கொடியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே சென்று குடையையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

பேருந்தில் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் மட்டும் யோசித்துக்கொண்டே போனேன். அந்த வகை லாரிகளில் எண்ணை இரண்டு இடங்களில் குத்துவார்கள். ஒன்று சேசிஸின் வெளிப்பக்கம். மற்றொன்று உட்பக்கம், வலது முன்சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் வில்பட்டை மாட்டியிருக்கும் இடத்துக்கு மேலே. பூசுகிற தூரிகை அங்கே எட்டாது. கண்ணும் எட்டாது.

காவல் நிலையத்தில், மறுபடி அடியில் பார்க்க ஆய்வாளர் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: தாரைச் சுரண்டக் கூடாது, சுரண்டினால் தடயத்தை அழித்ததாகிவிடும். ஒரு காவலர் டார்ச் விளக்கோடு குனிந்து பார்த்துவிட்டு, "உள்ள தலையே போவாது சார்" என்று எழுந்துவிட்டார். நான் வேட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அந்தப் பெண் பறியை இறக்கி வைத்தார்.

"எந்த எடம்னு மட்டும் காட்டுங்க."

குடையின் நுனியால் காட்டினேன். அவர் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் படுத்து, லாரிக்கு அடியில் நகர்ந்தார். வில்பட்டைக்கு மேலே இருந்த இடுக்கில் அவருடைய கை தோள் வரை போயிற்று.

"இன்னாம்மா, அங்க இறா கீதா?" என்று காவலர் சிரித்தார்.

"கெடச்சா உனுக்கும் கொயம்பு வச்சித் தரேன். இப்ப கொஞ்சம் அந்தாண்ட நில்லு, வெளிச்சம் வேணாம்."

ஏரியில் கையால் இறால் தடவுகிறவர்களை நான் சிறு வயது முதல் பார்த்திருக்கிறேன். கலங்கிய தண்ணீரைப் பார்க்க மாட்டார்கள். முகம் எங்கோ திரும்பியிருக்கும். விரல்கள் மட்டும் சேற்றில் நடக்கும். அவர் முகமும் அப்படித்தான் என் கால்கள் பக்கம் திரும்பியிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"மொதல்ல கொக்குக்கால் மாரி ஒண்ணு கீதுங்க ஐயா" என்றார்.

நடுவில் ஒரு கோடு, இருபுறமும் சாய்ந்த இரண்டு கோடுகள். அது இராணுவம் தன் வண்டிகளின் சேசிஸிலும் குத்தும் அம்புக்குறி. அதைப் பற்றி நான் அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"அடுத்து?"

"எனக்குக் கணக்கு எயுத்தெல்லாம் தெரியாதுங்க. தரையில போட்டுக் காட்டுறேன். நீங்க படிச்சிக்கோங்க."

வலது கை இடுக்கில் இருக்க, இடது கை விரலால் அந்தக் கொக்குக்காலிலிருந்து தொடங்கிச் சேற்றில் வரைந்தார். தூண்டில் முள் போல ஒன்று. ஒரு வட்டம். தலைகீழாக நிற்கும் தடி போல ஒன்று. ஒவ்வொன்றாக வரைய, மழைத்தூறல் கலைத்துவிடுவதற்குள் குறிப்பேட்டில் படியெடுத்தேன். கடைசி எண்ணில் மட்டும் நின்றார். மறுபடி தடவினார். "இருங்க, துரு மேல ஏறிக்கினு கீது" என்றார். அவசரப்படவில்லை. எனக்குத்தான் அவசரம். நிச்சயமான பிறகே வரைந்தார்.

ஆர்.சி. புத்தகத்தை விரித்தேன். ஓர் எண்கூடப் பிசகவில்லை.

ஆய்வாளர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "ஐயா, ஒரு பொம்பள தடவிப் பாத்து சொன்னாங்கனு எழுதினா கோர்ட்டுல சிரிப்பாங்க. நேத்து எழுதினதை வாங்கிக்கினு, நீங்களே திரும்பப் பாத்தீங்கனு எழுதிக் குடுங்க. ரெண்டு நாள்ல மெக்கானிக்கை விட்டு வில்லைக் கழட்டி உறுதி பண்ணிக்கறேன். இன்னிக்கு அவனை அனுப்பிடலாம்."

எழுதினேன்: 'எனது மறு ஆய்வில் சேசிஸின் உட்பகுதியில் எண் கண்டறியப்பட்டது.' அவர் கேட்டதற்காக மட்டும் எழுதினேன் என்று பல காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. அந்த வாக்கியம் முந்தைய நாள் வாக்கியத்தை மறைத்தது. எனக்கு அது வசதியாக இருந்தது. பார்க்காததைப் பார்த்ததாக இரண்டாம் முறையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

மாலையில் ஓட்டுநர் வெளியே வந்தார். நேராக வந்து என் காலில் விழுந்தார். அவருடைய மனைவி தலைமுடியில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டே, "ஏய்யா, எழுந்திரு. ஐயா வேட்டி அழுக்காயிடப் போவுது" என்றார். காவலர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

வில்பட்டையைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், எண் சரி என்றே சொன்னார். லாரி குப்பத்துக்குத் திரும்பியது. அடுத்த மாதம் புயல் வந்து சாலையில் தண்ணீர் ஏறியபோது, அந்த லாரிதான் இரண்டு நடை சென்று குழந்தைகளையும் பெண்களையும் கரைசேர்த்தது. மூன்றாவது நடையில் ஏறியவர்களில் நானும் என் மனைவியும் இருந்தோம். ஓட்டுநர் எங்களைத் தமக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். அந்தப் பித்தளைத் தகடு வழியெல்லாம் என் முழங்காலுக்கு எதிரே இருந்தது.

பிறகு குப்பத்துப் பஞ்சாயத்தார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இந்த வயதிலும் ஐயா சேற்றில் படுத்து, லாரிக்கு அடியில் போய் எண்ணைக் கண்டுபிடித்தார் என்று ஒருவர் பேசினார். கை தட்டினார்கள். கூட்டத்தின் ஓரத்தில் அந்தப் பெண் நின்றிருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்த்தார். நான் எழுந்து மறுக்கவில்லை. அதன்பின் அந்தக் கதை என் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அண்மையில் ஒரு விழா மலரிலும் அப்படியே அச்சாகியிருக்கிறது.

இன்றும் கடைத்தெருவில் அவர் எதிர்ப்பட்டால் வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். எதையாவது உறுதிப்படுத்திக் கையெழுத்திடுமாறு யாரேனும் தாளை நீட்டும்போது, சேற்றில் வரைந்த அந்தக் கொக்குக்கால் என் கண்முன் வருகிறது. நானே பார்த்தேனா என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன்.

விழா மலரில் உள்ளது தவறு. எண் இருக்கும் இடத்தைக் குடையால் காட்டியவன் நான். லாரிக்கு அடியில் படுத்தவன் நான் அல்ல. அந்த எண்ணைப் படித்தவர், எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண்மணி.