பேசாத மூன்று வாரங்களில் கேட்ட பியானோ

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்த டாக்டர், வீட்டுக்கு அனுப்பும்போது உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். "மூணு வாரம் பேசவே கூடாதும்மா. கிசுகிசுன்னுகூட வேண்டாம், அது இன்னும் கெடுதல்." சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் நின்ற கணவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

எட்டு வருடம் பேசிப் பிழைத்தவள் நான். சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி இருக்கும் தொழில்பேட்டையில், இன்டர்நெட் வரவில்லை என்று போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. பேசிப் பேசித்தான் குரல்நாணில் முடிச்சு விழுந்தது. கணவர் அதே தொழில்பேட்டைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். செங்கல்பட்டில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் விடியற்காலையில் கிளம்பினால் இரவு பத்து மணிக்குத்தான் வருவார்.

டிவியைப் போட்டால் எல்லாரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். எரிச்சலாக வந்தது. போனில் புல்லாங்குழல் கேட்டேன், வீணை கேட்டேன். அதில் வேறொரு தொல்லை. தெரிந்த பாட்டாக இருந்தால், சத்தம் வராமலே தொண்டை கூடவே பாட ஆரம்பித்துவிடுகிறது. உள்ளே தையல் இழுப்பதுபோல் ஒரு வலி. எனக்குத் தெரியவே தெரியாத பாட்டாக ஒன்று வேண்டியிருந்தது.

அப்படித்தான் போனில் ஒரு வெளிநாட்டு அம்மாளின் வீடியோவைக் கண்டுபிடித்தேன். நரைத்த முடி, கறுப்பு உடை, எதிரே பெரிய பியானோ. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். போன் நின்றுவிட்டதோ என்று திரையைத் தட்டிக்கூடப் பார்த்தேன். பிறகு வலது கை மட்டும் மேலே போனது. வாசிக்க ஆரம்பித்தார். என் தொண்டை அசையவில்லை. சொல்லும் இல்லை, தெரிந்த ராகமும் இல்லை. கேட்பது ஒன்றுதான் எனக்கு வேலை.

அந்த மூன்று வாரம் முடியும்வரை வேறு யார் வாசித்ததையும் நான் கேட்கவில்லை. ஒரே இசையை அவர் இளம் வயதில் ஒருமுறையும் வயதான பிறகு ஒருமுறையும் பதிவு செய்திருந்தார். முதலாவதில் படிக்கட்டில் துள்ளி இறங்குகிற மாதிரி வேகம். இரண்டாவதில் ஒரு சத்தம் முழுக்க அடங்கும்வரை அடுத்ததைத் தொடமாட்டார். காலையில் ஒன்று, மதியம் மற்றது என்று மாற்றி மாற்றிக் கேட்டேன்.

ஒருநாள் நோட்டில் 'இதைக் கேளுங்கள்' என்று எழுதிக் கணவரிடம் காட்டினேன். தட்டில் இட்லியோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னாமே இது, டொய்ங் டொய்ங்னு ஒண்ணையே அடிச்சிகினு கீது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, சாப்பிடுவதை நிறுத்திவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "அந்தம்மா கையப் பாரு. புதுசா வண்டி ஓட்றவன்தான் ஸ்டியரிங்க இறுக்கிப் புடிப்பான். இவங்க புடிக்கவே இல்ல, சும்மா வச்சிகினு கீறாங்க."

நான் கவனிக்காதது அது. அதற்குப் பிறகு எனக்கும் கையே கண்ணில் பட்டது.

மூன்று வாரம் முடிந்ததும் டாக்டர் "ஆ சொல்லுங்க" என்றார். சொன்னேன். குரல் வந்தது. ஆனால் பழைய குரல் இல்லை. தணிந்து, நடுவில் பிசிறடித்தது. வேலைக்குத் திரும்பிய முதல் நாளே போனில் ஒருவர் என்னை "சார்" என்று கூப்பிட்டார். திருத்தாமல் விட்டுவிட்டேன். பாத்ரூமில் போய் முகம் கழுவிவிட்டு வந்து அடுத்த அழைப்பை எடுத்தேன். டாக்டர் நாள் முழுக்கப் பேசும் வேலை வேண்டாம் என்றிருந்தார். எழுத்திலேயே பதில் அனுப்பும் பிரிவு ஒன்று எங்கள் மாடியிலேயே இருந்தது. அங்கே மாற்றச் சொல்லிக் கேட்க மனம் வரவில்லை. தோற்றுப்போனவள் மாதிரி தெரியுமே என்று இருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் அந்த அம்மாள் மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வாசிக்கப்போவதாகப் போனில் பார்த்தேன். ஞாயிறு மாலை, யார் வேண்டுமானாலும் வரலாம். பைக்கில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போனோம்.

அந்த அம்மாள் கைத்தடி ஊன்றி வந்தார். வீடியோவில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். நான் மாற்றி மாற்றிக் கேட்ட அதே இசையைத்தான் எடுத்தார். பாதியில், இடது கை ஒரு பக்கமும் வலது கை ஒரு பக்கமும் போவதுபோல் கேட்டது. நிறுத்திவிட்டார். ஏசி ஓடும் சத்தம் மட்டும் இருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பி, "மன்னியுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

அந்த இடம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். நெருங்க நெருங்கக் கணவரின் கையை இறுக்கிப் பிடித்தேன். வந்தது, கடந்தது.

"தாண்டிட்டாங்க!" என்றார் கணவர், கொஞ்சம் உரக்கவே. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முடிந்ததும் அந்த அம்மாளைப் பார்க்க வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது முதல் வார்த்தையிலேயே குரல் உடைந்தது. அவர் என் பக்கம் சாய்ந்து காத்திருந்தார். "நிறுத்தாமலே சமாளித்திருக்கலாமே, நிறையப் பேருக்குத் தெரிந்திருக்காதே" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"சமாளித்திருக்கலாம். எத்தனையோ தடவை சமாளித்திருக்கிறேன்" என்றார். "இன்று அலுப்பாக இருந்தது, சமாளிப்பதுதான்." பிறகு, "நீங்கள் வாசிப்பீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை, கேட்பேன்" என்றேன். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்தார். கணவர் சொன்னது சரி. அந்தக் கையில் இறுக்கமே இல்லை.

மறுநாள் மேனேஜரிடம் போய், எழுத்துப் பிரிவுக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். ஏன் என்றார். குரல் தாங்கவில்லை என்று சொன்னேன். சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த மாதமே மாற்றிவிட்டார்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஓட்டல்காரர்கள் அந்த மாலையின் வீடியோவைப் போட்டிருந்தார்கள். அவருக்கு மதிய ஷிப்ட் மட்டும் இருந்த ஒரு நாள் காலையில் இருவரும் சேர்ந்து பார்த்தோம். அந்த அம்மாள் பாதியில் நிறுத்தியது, மன்னிப்புக் கேட்டது எதுவும் அதில் இல்லை. முதல் தடவை வாசித்ததை அப்படியே வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள்.

"அத்தப் போயி இன்னாத்துக்கு வெட்னானுங்க?" என்று கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நாம போனதே வேஸ்டுன்ற மாதிரி பண்ட்டானுங்களே!"

நான் சிரித்துவிட்டேன். நாம் இரண்டு பேரும் அங்கே இருந்தோமே என்றேன். அவர் சமாதானமாகவில்லை. வேன் சாவியை எடுத்துக்கொண்டு, மதிய ஷிப்ட் ஆட்களை ஏற்றக் கிளம்பினார்.