மழை அளக்கிறவரைப் பார்க்கப் பெரம்பலூர் போனது

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். ஐப்பசி மழைக்கு முன் பெரம்பலூர் தாலுகா ஆபீஸின் மழைமானியைத் தணிக்கை செய்து வரச் சொல்லி, சென்னையிலிருந்த எங்கள் வானிலை இலாகா என்னை அனுப்பியது. உண்மையில் கவலை மழைமானியைப் பற்றியல்ல, அதைப் பார்த்துக்கொள்ளும் குமாஸ்தா நடேசனைப் பற்றி. அவர் அனுப்பும் அளவுகளை நம்பித்தான் அந்தப் பக்கத்து முன்னறிவிப்புக்கே கணக்குப் போடுவோம். அவர் அங்கேயே நீடிக்கும்படி அறிக்கை எழுத வேண்டும் என்பது மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவு.

காலை ஆறு மணிக்கு அரியலூரில் ரயிலை விட்டு இறங்கினேன். அங்கிருந்து பெரம்பலூர் இருபது மைல், பஸ்ஸுக்குப் பத்தணா. பெட்ரோல் கிடைக்காததால் கரியில் ஓடும் பஸ். ஒரு மேடு வந்ததும் டிரைவர், "கொஞ்சம் எறங்கி நடங்க சார், பஸ் பின்னாடியே வந்துரும்" என்றார். வந்தது, நாங்கள் மேட்டின் உச்சியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு.

நடேசன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மழைமானியின் புனலில் ஒரு சருகு கிடையாது. அவரிடம் மழை அளக்கக் கற்ற மூன்று பேர் பதவி உயர்ந்து போய்விட்டார்களாம். ஒருவர் இப்போது அவருக்கே அதிகாரி. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கு வரவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்: "முன்னாடி வந்தவங்கல்லாம் ஆகா ஓகோன்னு எழுதிட்டுப் போனாங்க சார். இவரு போயிட்டா வேலை நடக்காதுன்னு என் பிரமோஷன நிறுத்திட்டாங்க. பதினாலு வருஷமா இதே நாக்காலி. நீங்களாவது ஏதோ சுமாருன்னு எழுதிடுங்க."

எனக்குக் கோபம் வந்தது, அவர்மேல் அல்ல, எங்கள் இலாகாமேல். நல்ல ஆளை நிறுத்திவைக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி, அவரை மேலே போகவிடாமல் செய்வதுதான். உத்தரவை ஓரமாக வைத்துவிட்டு, 'வேலை சுமார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தை மாதம் அவர் ரெவினியூ இன்ஸ்பெக்டராகி உடையார்பாளையம் பக்கம் போய்விட்டார். அடுத்து வருபவரை ஒரு மாதம் பழக்கிவிட்டுப் போகிறேன் என்று கேட்டாராம். தாசில்தார் கொடுத்தது ஒரே நாள்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் நடக்கத் தோதான செருப்பும், கட்டுச்சோறும் கொண்டுபோவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை போவதானால் குடையை மறக்க வேண்டாம். புது ஆள் லீவு நாளில் மழைமானிப் பக்கமே வருவதில்லை. அன்றைய கட்டத்தில் சைபர் போட்டுவிட்டு, தேங்கியதைத் திங்கட்கிழமைக் கணக்கில் சேர்த்துவிடுகிறார். ஆகவே இலாகா கணக்குப்படி, பெரம்பலூரில் இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் மழையே பெய்வதில்லை.