ஞானசௌந்தரியின் தாழ்ப்பாள்

கதவுக்கு வெளியே செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டாலே ஞானசௌந்தரிக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜெபத்துக்கு வந்து நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

தொண்ணூற்றெட்டில் ஈஜிபுராவில் ஒரு வரிசை வீட்டின் கடைசிக் குடித்தனம் அவள். தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்த புருஷன் தாஸ் இறந்த பிறகு பெங்களூருக்கு வந்து, பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டு, விளக்குகூடப் போடாமல் தரையில் உட்காருவாள். சபையில் கூவி அழுது ஜெபிக்கிறவர்களைப் பார்த்தால் அவளுக்குக் கூச்சம். ஆண்டவரும் தானுமாக ஒரு அரைமணி நேரம், அதைத் தவிர அவள் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

ஊர் சும்மா விடுமா? பக்கத்து வீட்டுத் தமயந்தி மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான். இருந்தாலும் சுவர் வழியே இவள் ஜெபம் காதில் விழ, வலிப்பு வருகிற தன் மகள் கிருத்திகாவை ஒருநாள் இவள் மடியில் கொண்டுவந்து போட்டாள். இவளும் தலையில் கைவைத்து முணுமுணுத்தாள். அதன்பிறகு இரண்டு மாதம் வலிப்பு எட்டிப் பார்க்கவில்லை. போதாதா? வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. குழாயடியில் முதல் குடம் அவளுக்குத்தான். உள்ளதைச் சொன்னால், அது அவளுக்குப் பிடித்துமிருந்தது. பிடித்துப்போனதை நினைத்துத்தான் முதலில் பயந்தாள்.

அடுத்த பயம் தமயந்தியின் வாயிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டாளாம், அக்காவின் ஜெபம் இருக்கும்போது அது எதற்காம். ஞானசௌந்தரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் ஒன்றுமில்லாதவள், மாத்திரையைக் கொடு என்று கெஞ்சினாள். தமயந்தி சிரித்தாள்.

"பெரியவங்க தன்னத் தாழ்த்தித்தான் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாதாக்கா?"

நல்ல கூத்து! பணிவாகப் பேசப் பேச மதிப்பு ஏறிக்கொண்டே போனது. ஒன்றே ஒன்றைச் சொன்னால் தமயந்தி நம்பியிருப்பாள். அதைச் சொல்லத்தான் இவளுக்கு நாக்கு எழவில்லை. தாழிட்டு உட்கார்ந்தால் ஜெபம் வராது, காது பக்கத்துச் சுவரிலேயே இருக்கும். அங்கே ஒரு பாத்திரம் உருண்டாலும் பிள்ளைதான் விழுந்துவிட்டதோ என்று உயிர் போய் வரும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளை விழுந்தேவிட்டது. வாயில் நுரை, கண் மேலே சொருகிக்கொண்டது. தமயந்தி மகளை வாரிக்கொண்டு தெருவுக்கு ஓடவில்லை, ஞானசௌந்தரியின் கதவுக்கு ஓடிவந்தாள். வரிசை வீட்டார் அத்தனை பேரும் சுற்றி நின்று இவள் கையையே பார்த்தார்கள். கை தானாகப் பிள்ளையின் தலைக்குப் போனது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"எங்க வூட்டுக்காரருக்கும் இதே கையத்தான் வெச்சேன், தமயந்தி. சுரங்கத் தூசு நெஞ்ச அடைச்சு, மூச்சுக்குத் தவிச்சாரு. ராவும் பகலும் ஜெபிச்சேன். செத்துப்போயிட்டாரு. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல. என்னை நம்பி உக்காராத, ஆட்டோவக் கூப்பிடு."

இப்படி ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல் தமயந்தி ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஆட்டோவுக்கு ஓடினாள். ஆஸ்பத்திரி வரைக்கும் பிள்ளையின் தலையைத் தாங்கிக்கொண்டு போனவள் ஞானசௌந்தரிதான். வழியெல்லாம் உதடு அசையாமல் ஜெபித்தாள்.

கிருத்திகா பிழைத்துக்கொண்டாள். இப்போது மாத்திரை வேளை தவறுவதில்லை. தமயந்திதான் அக்கா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டாள். கட்டினவனையே காப்பாற்ற முடியாதவள் என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள், இவள் குடமும் கடைசிக்குப் போனது.

மறுவாரம் ஒரு சாயங்காலம் கதவைத் தாழிட்டாள். வெளியே ஒரு சத்தமும் இல்லை. கேட்டது கிடைத்துவிட்டது என்று நிம்மதியாகத் தரையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தாள், யாராவது செருப்புக் கழற்றுகிறார்களா என்று அவள் காது வாசலில் தேடிக்கொண்டிருந்தது. பகீரென்றது.

"ஆண்டவரே, மொதல்ல இதுக்கு மருந்து குடு" என்று தரையில் நெற்றி படக் குப்புற விழுந்தாள்.