யாரும் ஆட்டாத வெளிச்சம்

அப்பா கங்கப்பன் போன வாரம் இறந்தார். பாகலூர் ரோட்டு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டர். யாரையும் நம்பமாட்டார். பால்காரர் ஊற்றிய பாலை அவர் கண்ணெதிரே மறுபடி அளப்பார்.

1956-ல், நான் பள்ளியில் படிக்கும்போது, திரையில் வெளிச்சம் நடுங்கியது. புரொஜெக்டருக்குள் இரண்டு கார்பன் குச்சிகள். நடுவே ஆயில் எஞ்சின் தரும் மின்சாரம் பாய்ந்து, வாயு சூடேறி ஒளிரும். அந்த மின்னேறிய வாயுதான் பிளாஸ்மா. அப்போது அந்தப் பெயர் எங்களுக்குத் தெரியாது. கொட்டகையில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் திட்டினார்கள்.

அப்பா நேராக முதலாளியிடம் போனார்.

"எஞ்சின் ஓட்டற முனிசாமிதான். ஆயிலைத் திருட எஞ்சினை அடக்கி ஓட்டறான்."

"நிரூபி. அன்னைக்கே அவனை அனுப்பிடறேன்."

ஒரு மதியம் சோதித்தோம். அப்பா எஞ்சினருகே நின்றார். முனிசாமி விளக்கருகே. நான் திரையைப் பார்த்தேன். எஞ்சின் சீராக ஓடியது. வெளிச்சம் நடுங்கியது. சொன்னேன்.

அதைக் கேட்ட அப்பா, விளக்கிருந்த கேபினுக்குள் வந்து முனிசாமியிடம் பாய்ந்தார். "எஞ்சின்கிட்ட இருந்தா அதை ஆட்டற. இங்க நின்னா இதை ஆட்டற."

"கையக் கட்டிக்கிட்டுதாங்ணா நின்னேன்."

"அதான் சந்தேகம். நீ சும்மா நிக்கற ஆளா?"

முதலாளி முனிசாமியை அனுப்பவில்லை. ஆனால் திருடன் என்ற பேச்சு கடைத்தெரு வரை போய்விட்டது. முனிசாமி தானே வேலையை விட்டுச் சாமல்பட்டிக்குப் போனார். புது ஆள் வந்தான். வெளிச்சம் நடுங்கியது. அப்பா அவனையும் சந்தேகப்பட்டார்.

பெங்களூரில் இயற்பியல் படித்தபோது விளங்கியது. பிளாஸ்மாவுக்குள், பாயும் மின்சாரத்திலிருந்தே சிறு அலைகள் பலம் பெறும். வளர்ந்து ஒன்றையொன்று கலைத்துச் சுழல்களாகும். எஞ்சின் எவ்வளவு சீராக ஓடினாலும் இந்த நடுக்கம் நிற்காது. ஒவ்வொரு சுழலையும் துரத்த முடியாமல், கோட்பாட்டாளர்கள் சராசரியைத் தேடுகிறார்கள். அதுவும் இன்னும் முழுதாகக் கைகூடவில்லை.

அப்பாவிடம் சொன்னேன்.

"யாரும் ஆட்டாம எது ஆடும்?"

"உள்ளுக்குள்ளயே கெளம்பும்பா. சராசரிதான் கணக்குல வரும்."

"சராசரிய வச்சு என்ன பண்றது? ஆளைச் சொல்லு."

"ஆளே இல்லப்பா."

என்னை உற்றுப் பார்த்தார். "முனிசாமி உனக்கு என்ன குடுத்தான்?"

அடக்கத்துக்கு, நான் சித்தப்பா என்றே கூப்பிடும் முனிசாமி வந்திருந்தார். மண் போட்டுவிட்டு, கையைத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"கடைசியிலயாச்சும் என்னை நம்பினாரா?"

"இல்ல சித்தப்பா. என்னையும் நம்பல."



"உன்னையுமா?" என்றார். பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தார்.